கோ லாங்வேஜ்ல ஃபங்க்‌ஷனை மாக் பண்ணி யூனிட் டெஸ்ட் எழுதுறது: காசிமேடு ஏல பில்லை வெச்சு முழுமையான வழிகாட்டி

டெஸ்ட் எழுத உக்காந்தா முதல்ல முட்டுற இடம் இதுதான்: நம்ம ஃபங்க்‌ஷன் உள்ளுக்குள்ள இன்னொரு ஃபங்க்‌ஷனைக் கூப்பிடுது, அது நிஜமாவே யாருக்கோ எஸ்எம்எஸ் அனுப்பிடுது, இல்ல டேட்டாபேஸ்ல எழுதிடுது, இல்ல இன்னிக்கு என்ன தேதியோ அதுக்கேத்த மாதிரி பதிலை மாத்திடுது. டெஸ்ட் ஓட்டுற ஒவ்வொரு தடவையும் ஒரு படகு ஓனருக்கு மெசேஜ் போனா அவர் போன் பண்ணி கேக்க மாட்டாரா? அதனால அந்த உள் ஃபங்க்‌ஷனுக்குப் பதிலா டெஸ்ட்ல மட்டும் நாம எழுதின ஒரு பொய் ஃபங்க்‌ஷனை உக்கார வைக்கணும், அதைத்தான் மாக் பண்றதுன்னு சொல்றோம்.

பைதான், ஜாவாஸ்க்ரிப்ட் தெரிஞ்சவங்களுக்கு இது பெரிய வேலை இல்ல, ஏன்னா அங்க ஃபங்க்‌ஷன் பேரை ப்ரோக்ராம் ஓடும்போதுதான் தேடி எடுக்குது, டெஸ்ட்ல அந்தப் பேருக்கு வேற ஒண்ணைக் கட்டிவிட்டா முடிஞ்சுது. கோ மாதிரி கம்பைல் ஆகுற லாங்வேஜ்ல அப்படி நடக்காது. பேக்கேஜ் லெவல்ல எழுதின சாதாரண ஃபங்க்‌ஷனைக் கூப்பிட்டா கம்பைலர் அந்த இடத்துல நேரா அதோட அட்ரஸுக்குத் தாவுற கட்டளையைப் போட்டுடும், ஃபங்க்‌ஷன் சின்னதா இருந்தா அதோட உடம்பையே கூப்பிட்ட இடத்துல ஒட்டிடும், இதுக்கு இன்லைன் பண்றதுன்னு பேரு, அப்புறம் அங்க கூப்பிடுறதுன்னே ஒண்ணு இருக்காது. ஃபங்க்‌ஷன் பேருக்கு வேற வேல்யூ அசைன் பண்ணப் பாத்தா கம்பைலே ஆகாது. அதனால மாத்துறதுக்கான கதவை கோட் எழுதும்போதே வெச்சாகணும், டெஸ்ட் எழுதுற அன்னிக்கு சுவத்தை இடிச்சு வைக்க முடியாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கதவை எங்க வைக்கலாம், எந்த இடத்துக்கு எந்த மாதிரி கதவு சரிங்கறதைப் பத்திதான்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் காலேஜ் முடிச்சுட்டு பேக்எண்ட் வேலைக்குத் தயாராகுற தம்பி தங்கச்சிங்களை மனசுல வெச்சு எழுதுறேன், ஸ்ட்ரக்ட், இன்டர்ஃபேஸ், கோரூட்டின் இதெல்லாம் ஒரு தடவை படிச்சிருந்தா போதும்.

நம்ம உதாரணம்

வட சென்னையில இருக்குற காசிமேடு மீன்பிடி ஹார்பர்ல விடியறதுக்கு முன்னாடியே ஏலம் நடக்குது. ஏலம் முடிஞ்சதும் படகு, மீன், எடை, கிலோ ரேட்டு எல்லாத்தையும் பதிஞ்சு, கமிஷன் கழிச்சு, கணக்கை சேவ் பண்ணி, படகு ஓனருக்கு மெசேஜ் அனுப்புற ஒரு சின்ன சர்வீஸ் நாம எழுதுறோம்னு வெச்சுக்கோங்க. 'பில்முடி'ன்னு ஒரு ஃபங்க்‌ஷன், அது நாலு வேலை செய்யுது. இன்னிக்குத் தேதியைப் பாத்து தடைக்காலமான்னு செக் பண்ணுது, கணக்குப் போடுது, சேவ் பண்ணுது, எஸ்எம்எஸ் அனுப்புது.

தடைக்காலம் நம்ம ஏரியா ஆளுங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியது இல்ல, மத்தவங்களுக்காக: கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15 லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, ஃபைபர் படகு, கட்டுமரத்துக்கு இந்தத் தடை இல்ல. 2017 க்கு முன்னாடி இது 45 நாளா இருந்துச்சு, மே 29 ஓட முடிஞ்சிடும். ஆக, அந்த நாள்கள்ல யாராவது விசைப்படகுன்னு செலக்ட் பண்ணி பில் போட்டா நம்ம சர்வீஸ் அதை மறுக்கணும், ஏதோ தப்பா பதிஞ்சிருக்காங்கன்னு அர்த்தம்.

ஒரு விஷயம், இங்க ஃபங்க்‌ஷன் பேர் எல்லாம் தமிழ்ல எழுதிருக்கேன், ஆனா கோ கம்பைலர் தமிழோட கொம்பு, கால், புள்ளி இதையெல்லாம் பேர்ல ஏத்துக்காது, அதனால டைப் பண்ணும்போது இதையே இங்கிலீஷ் எழுத்துல போட்டுக்கோங்க.

முதல் படி: மாக்கே தேவைப்படாத பகுதியைப் பிரிச்சு எடுங்க

நிறைய பேர் இதைத் தாண்டி நேரா மாக் லைப்ரரி தேடப் போயிடுறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. முதல்ல 'பில்முடி' உள்ள இருக்குற கணக்கை 'கணக்குப்போடு'ன்னு தனி ஃபங்க்‌ஷனா வெளிய எடுங்க. எடை, ரேட்டு, கமிஷன் சதவீதம் உள்ள போகுது, மொத்தம், கமிஷன், மீதி வெளிய வருது, நெட்வொர்க் கிடையாது, தேதி கிடையாது. 40 கிலோ வஞ்சிரம், கிலோ 700 ரூபா, கமிஷன் 5 சதவீதம்னு உதாரணத்துக்கு வெச்சா மொத்தம் 28,000, கமிஷன் 1,400, ஓனர் கைக்கு 26,600. இதை டெஸ்ட் பண்ண எந்த மாக்கும் வேணாம், வேல்யூ குடுத்து வேல்யூ வாங்கி ஒப்பிட்டா போதும். பணத்தை ஃப்ளோட்ல வைக்காதீங்க, பைசாவா மாத்தி இன்டிஜர்ல வைங்க, இல்லன்னா டெஸ்ட்ல தசமப் புள்ளிக்குப் பின்னாடி எங்கயோ ஒரு எண் ஒத்துப்போகாம உயிரை வாங்கும்.

ரெண்டாவது, தடைக்கால செக். இது உள்ளுக்குள்ள டைம் பேக்கேஜோட நவ் ஃபங்க்‌ஷனைக் கூப்பிடுதுன்னா அதை மாக் பண்ணணும்னுதான் முதல்ல தோணும். வேணாம். 'தடைக்காலமா'ங்கற ஃபங்க்‌ஷனுக்கு நேரத்தையே ஒரு ஆர்க்யுமென்ட்டா குடுத்துடுங்க, படகு வகையும் நேரமும் உள்ள போகுது, ஆமா இல்லைன்னு பதில் வருது, அவ்ளோதான். இப்போ மணி என்னன்னு கேக்குற வேலையை மேல இருக்குற 'பில்முடி' பாத்துக்கட்டும். ஃபங்க்‌ஷனை மாக் பண்றதுக்கு முன்னாடி, அந்த ஃபங்க்‌ஷன் தர்ற வேல்யூவை மட்டும் வெளியலேருந்து குடுக்க முடியுமான்னு ஒரு தடவை யோசிங்க, பாதி இடத்துல மாக் வேலையே காணாமப் போயிடும்.

உள்ள லாஜிக் சிம்பிள். நேரத்தை இந்திய நேரத்துக்கு மாத்து, மாசத்தை 100 ஆல பெருக்கி தேதியைக் கூட்டு, ஏப்ரல் 15 னா 415, ஜூன் 14 னா 614, நடுவுல இருந்தா தடைக்காலம். இந்த ரெண்டு எண்ணையும் கான்ஸ்டன்ட்டா ஒரே இடத்துல வைங்க, 45 நாள் 61 நாளா மாறின மாதிரி திரும்பவும் மாறலாம்.

இந்திய நேரத்துக்கு மாத்தறது ஏன் அவ்ளோ முக்கியம்னு கொஞ்சம் நின்னு பாக்கணும். சர்வர்ங்க பெரும்பாலும் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துலதான் ஓடுது, நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். ஏலமோ விடியற்காலையில நடக்குது. ஏப்ரல் 15 ராத்திரி 2 மணிக்கு ஒருத்தர் பில் போடுறார்னா சர்வர் கடிகாரத்துல அது ஏப்ரல் 14, 20:30. மாத்தாம செக் பண்ணா தடைக்காலம் ஆரம்பிக்கலன்னு சொல்லி பில்லை விட்டுடும். ஆபீஸ் நேரத்துல வேலை செய்யுற ஒரு ஆப்ல இந்த பக் வருஷக்கணக்கா தூங்கும், ஏன்னா காலையில அஞ்சரைக்கு அப்புறம் ரெண்டு கடிகாரத்துலயும் தேதி ஒண்ணுதான். நம்ம ஏலம் நடக்குறதே அந்த இடைப்பட்ட நேரத்துலதான்.

டெஸ்ட்டை டேபிள் மாதிரி எழுதுங்க, கோ ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க: ஒரு ஸ்லைஸ், ஒவ்வொரு வரியிலயும் பேர், நேரம், படகு வகை, எதிர்பாக்குற பதில், அப்புறம் ஒரு லூப், உள்ள டி டாட் ரன் (டெஸ்ட்டுக்கு கோ குடுக்குற ஆப்ஜெக்ட்டுக்குத்தான் டின்னு பேரு). நம்ம வரிகள் இதுங்க:

ஏப்ரல் 14 ராத்திரி 11:59:59, விசைப்படகு, தடை இல்ல
ஏப்ரல் 15 ராத்திரி 12:00:00, விசைப்படகு, தடை
ஜூன் 14 ராத்திரி 11:59:59, விசைப்படகு, தடை
ஜூன் 15 ராத்திரி 12:00:00, விசைப்படகு, தடை இல்ல
மே 10 மதியம், ஃபைபர் படகு, தடை இல்ல
யூடிசி ஏப்ரல் 14, 20:30, விசைப்படகு, தடை
யூடிசி ஜூன் 14, 19:00, விசைப்படகு, தடை இல்ல

கடைசி ரெண்டு வரிதான் உண்மையான பக்கைப் பிடிக்கிற வரிங்க, அதை விட்டுடாதீங்க. இந்திய டைம்ஸோனை லோட் பண்ணும்போது ஏசியா ஸ்லாஷ் கொல்கத்தான்னு பேர் குடுக்கணும், சின்ன கன்டெய்னர் இமேஜ்ல டைம்ஸோன் டேட்டா இல்லாம எரர் வரும், அதுக்கு டைம் ஸ்லாஷ் டிஇசட்டேட்டா பேக்கேஜை இம்போர்ட் பண்ணா பைனரிக்குள்ளயே டேட்டா வந்துடும், கோ 1.15 லேருந்து இது இருக்கு. நம்ம நாட்டுல கோடை நேரம்னு கடிகாரத்தை முன்ன பின்ன நகர்த்தறது இல்ல, அதனால அஞ்சரை மணி நேரத்தை ஃபிக்ஸட் ஸோனா வெச்சாலும் வேலை நடக்கும்.

ரெண்டாவது படி: பேக்கேஜ் வேரியபிள்ல ஃபங்க்‌ஷனை வைக்கிறது

இப்போ 'பில்முடி'க்கு வருவோம், அது நவ் ஃபங்க்‌ஷனைக் கூப்பிட்டே ஆகணும். ஏற்கனவே எழுதி ஓடிட்டு இருக்குற பழைய கோட்ல குறைஞ்ச மாற்றத்துல கதவு வைக்கணும்னா வழி இதுதான். ஃபைல் மேல 'இப்போ'ன்னு ஒரு வேரியபிள் வெச்சு அதுக்கு டைம் டாட் நவ்-ஐ அசைன் பண்ணுங்க. பின்னாடி அடைப்புக்குறி போடாதீங்க, போட்டா ஃபங்க்‌ஷனுக்குப் பதிலா அது தந்த நேரம் உள்ள போயிடும், நல்லவேளை கம்பைலரே அடுத்த வரியில கத்திடும். அப்புறம் கோட்ல டைம் டாட் நவ்-னு இருக்குற இடத்துல எல்லாம் 'இப்போ'வைக் கூப்பிடுங்க.

டெஸ்ட்ல மூணு காரியம், வரிசை மாறக்கூடாது. பழைய வேல்யூவை எடுத்து வைங்க, 'இப்போ'வுக்கு ஏப்ரல் 15 ராத்திரி 2 மணியைத் திருப்பித் தர்ற ஒரு குட்டி ஃபங்க்‌ஷனை அசைன் பண்ணுங்க, டி டாட் க்ளீனப் உள்ள பழையதைத் திருப்பி வைங்க. க்ளீனப் கோ 1.14 ல வந்தது, டெஸ்ட் நடுவுல ஃபெயில் ஆனாலும் ஓடும். ஏன் டிஃபர் போடாம க்ளீனப்? இந்த மூணையும் ஒரு ஹெல்ப்பர் ஃபங்க்‌ஷனா எடுத்து வெச்சு எல்லா டெஸ்ட்லயும் கூப்பிட வசதியா இருக்கும், டிஃபர் போட்டா அந்த ஹெல்ப்பர் முடியும்போதே பழையது திரும்பிடும்.

டெஸ்ட் ஃபைல் வேற பேக்கேஜ் பேர்ல இருந்தா சின்னெழுத்துல ஆரம்பிக்கிற வேரியபிள் அங்கேருந்து தெரியாது. அதுக்கு ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே பழகின ஒரு வழி இருக்கு, எக்ஸ்போர்ட் அண்டர்ஸ்கோர் டெஸ்ட்னு ஒரு ஃபைலை அதே பேக்கேஜ் பேர்ல வெச்சு அதுக்குள்ள டெஸ்ட்டுக்கு மட்டும் வெளிய காட்டுற ஃபங்க்‌ஷனை எழுதறது, அந்த ஃபைல் நிஜ பில்டுல சேராது.

இந்த முறையில ஒரு பெரிய ஆபத்து இருக்கு. வேரியபிள் ஒண்ணுதான், அதை எல்லா டெஸ்ட்டும் பங்கு போடுது. ரெண்டு டெஸ்ட்ல டி டாட் பேரலல் போட்டீங்கன்னா ஒண்ணு ஏப்ரல்னு வெக்கும், இன்னொண்ணு ஜூன்னு வெக்கும், எது எதைப் படிக்கும்னு சொல்லவே முடியாது, ஒரு நாள் பாஸ் ஆகும் ஒரு நாள் ஃபெயில் ஆகும், டீம்ல இருக்குறவங்க திரும்ப ஓட்டுனா சரியாயிடும்னு பழகிடுவாங்க, அந்தப் பழக்கம் வந்துட்டா அப்புறம் டெஸ்ட் இருந்தும் பிரயோஜனம் இல்ல. கோ டெஸ்ட்டை ரேஸ் ஃப்ளாகோட ஓட்டினா இதைப் பெரும்பாலும் பிடிச்சுக் குடுக்கும், ஷஃபிள் ஃப்ளாகை ஆன்னு குடுத்தா டெஸ்ட் வரிசையைக் கலைச்சு ஓட்டும், பழையதைத் திருப்பி வைக்க மறந்த டெஸ்ட் இருந்தா அதுலயே மாட்டிக்கும். ஷஃபிள் 1.17 ல வந்தது. பழைய கோடுக்கு இந்த முறை சரி, புதுசா எழுதுறதுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மூணாவது படி: ஸ்ட்ரக்ட் ஃபீல்டா ஃபங்க்‌ஷன்

புதுசா எழுதுற கோடுக்கு எனக்குப் பிடிச்சது இதுதான், கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

'பில்லர்'னு ஒரு ஸ்ட்ரக்ட். அதுல மூணு ஃபீல்டு, மூணுமே ஃபங்க்‌ஷன் டைப். 'இப்போ', எதுவும் வாங்காம நேரத்தைத் தரும். 'சேமி', கான்டெக்ஸ்ட்டும் (வேலையை நடுவுல நிறுத்தச் சொல்ல உதவுற ஆப்ஜெக்ட்) பில்லும் வாங்கி எரர் தரும். 'அனுப்பு', கான்டெக்ஸ்ட், போன் நம்பர், மெசேஜ் வாங்கி எரர் தரும். 'பில்முடி'யை இந்த ஸ்ட்ரக்ட்டோட மெத்தடா மாத்துங்க. 'புதுபில்லர்'னு ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதி நிஜ ஃபங்க்‌ஷன்களை அதுல நிரப்புங்க, ஃபங்க்‌ஷன் ஃபீல்டை நிரப்பாம விட்டா அது நில், கூப்பிட்ட அடுத்த நொடி பேனிக் ஆகும், அதனால மெயின்ல நேரா ஸ்ட்ரக்ட் கட்டாம கன்ஸ்ட்ரக்டர் வழியா மட்டும் கட்டுங்க.

இதுல என்ன லாபம்னா, ஒவ்வொரு டெஸ்ட்டும் தனக்குன்னு ஒரு 'பில்லர்' கட்டிக்குது, பொதுவான வேரியபிள் எதுவும் கிடையாது, எத்தனை டெஸ்ட்டை வேணா பேரலலா ஓட்டலாம். இன்னொண்ணு, அந்த ஸ்ட்ரக்ட்டைப் பாத்தாலே இந்த கோட் வெளி உலகத்துல எதையெல்லாம் தொடுதுன்னு தெரிஞ்சுடும், புதுசா டீமுக்கு வர்றவங்க வேற எங்கயும் தேடவேண்டியது இல்ல.

இப்போ டெஸ்ட். முதல் கேஸ், எல்லாம் ஒழுங்கா நடக்குறது. டெஸ்ட் ஃபங்க்‌ஷனுக்குள்ள 'போனநம்பர்கள்'னு ஒரு ஸ்லைஸ் வைங்க, 'அனுப்பு' ஃபீல்டுக்கு ஒரு க்ளோஷர் (வெளிய இருக்குற அந்த ஸ்லைஸைத் தொடக்கூடிய பேரில்லாத குட்டி ஃபங்க்‌ஷன்) குடுங்க, அது வந்த நம்பரையும் மெசேஜையும் ஸ்லைஸ்ல சேத்துட்டு நில் எரர் தரும். 'சேமி'யும் அப்படியே. 'பில்முடி'யைக் கூப்பிட்டதும் பாருங்க: சேவ் ஆன பில் ஒண்ணுதானா, மீதி 26,600 தானா, மெசேஜ் ஒண்ணுதான் போச்சா, சரியான ஓனர் நம்பருக்குப் போச்சா, மெசேஜ்ல 26,600 இருக்கா. இப்படி கூப்பிட்டதைப் பதிஞ்சு வைக்கிற பொய் ஃபங்க்‌ஷனுக்கு ஸ்பைன்னு பேரு, சும்மா ஒரு பதிலை மட்டும் தர்றது ஸ்டப். ரெண்டும் சேத்து பொதுவா மாக்னுதான் எல்லாரும் சொல்றாங்க.

ரெண்டாவது கேஸ்தான் மாக் எதுக்குன்னு புரிய வைக்கிற கேஸ். எஸ்எம்எஸ் கேட்வே, அதாவது நம்ம மெசேஜை வாங்கி போனுக்கு அனுப்புற வெளி சர்வீஸ், படுத்துடுச்சு, என்ன ஆகணும்? பில் சேவ் ஆகியே தீரணும், ஏன்னா ஏலம் முடிஞ்சு மீன் கை மாறிடுச்சு, மெசேஜ் போகலைங்கறதுக்காக கணக்கு தொலையக்கூடாது. நிஜ கேட்வேயை நமக்கு வேணும்ங்கற நேரத்துல படுக்க வைக்க முடியாது, ஆனா பொய் 'அனுப்பு' ஒரே வரியில எரரைத் திருப்பிடும். டெஸ்ட் ரெண்டு விஷயம் பாக்கும்: 'சேமி'க்கு பில் வந்துச்சா, 'பில்முடி' தந்த எரருக்குள்ள நாம குடுத்த எரர் இருக்கா. ரெண்டாவதுக்கு கோட்ல எரரை சதவீதக்குறி டபிள்யூ போட்டு சுத்தியிருக்கணும், டெஸ்ட்ல எரர்ஸ் டாட் ஈஸ் வெச்சுப் பாக்கணும், எரர் மெசேஜ் எழுத்தை எழுத்தா ஒப்பிடாதீங்க, யாராவது ஒரு கமா மாத்தினா டெஸ்ட் உடையும்.

மூணாவது கேஸ் அதுக்கு நேர் எதிர், சேவ் ஃபெயில் ஆனா மெசேஜ் போகவே கூடாது. கணக்குல இல்லாத காசைச் சொல்லி ஓனருக்கு மெசேஜ் போனா நாளைக்கு ஹார்பர்ல சண்டை. நாலாவது, மே மாசத்துல விசைப்படகு பில், 'சேமி'யும் கூடாது 'அனுப்பு'வும் கூடாது. கூப்பிடவே கூடாத ஃபங்க்‌ஷனுக்குள்ள நேரா டி டாட் எரர்எஃப் போட்டு வெச்சுடுங்க, கூப்பிட்டா டெஸ்ட் சிவப்பாயிடும். அங்க டி டாட் ஃபேட்டல் போடாதீங்க, ஃபேட்டல் டெஸ்ட் ஓடுற கோரூட்டின்லேருந்து மட்டும்தான் கூப்பிடணும்ங்கறது விதி, நாளைக்கு யாராவது மெசேஜ் அனுப்புறதை கோ கீவேர்டு போட்டு தனி கோரூட்டினா மாத்தினா அந்த ஃபேட்டல் தப்பான இடத்துல ஓடும். அப்படித் தனி கோரூட்டினா மாத்தினா ஸ்பையோட ஸ்லைஸுக்கும் ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்துல ஒருத்தரை மட்டும் உள்ள விடுற பூட்டு, வேணும், ஞாபகம் இருக்கட்டும்.

கூப்பிட்ட வரிசையும் முக்கியம்னு தோணுச்சுன்னா, அதாவது சேவ் முதல்ல மெசேஜ் அப்புறம், ரெண்டு க்ளோஷரும் ஒரே ஸ்லைஸ்ல 'சேமி', 'அனுப்பு'ன்னு பேரைச் சேத்துட்டு கடைசியில வரிசையைப் பாருங்க. இந்த இடத்துல வரிசைக்கு அர்த்தம் இருக்கு, அதனால பாக்கலாம். அர்த்தமே இல்லாத இடத்துல வரிசையைப் பூட்டி வெச்சா கோட்டை லேசா மாத்தினாலும் டெஸ்ட் விழும்.

நாலாவது படி: இன்டர்ஃபேஸ் எப்போ

ஒரே பொருளோட ஃபங்க்‌ஷன்கள் மூணு நாலு சேந்தே வந்தா, உதாரணமா பில்லை சேவ் பண்ணு, எடு, ஓனர் வாரியா லிஸ்ட் குடு, அப்போ தனித்தனி ஃபீல்டு வேணாம், இன்டர்ஃபேஸ் எழுதுங்க. கோல ஒரு டைப் இந்த இன்டர்ஃபேஸை நிறைவேத்துதுன்னு எங்கயும் எழுதிக்குடுக்கத் தேவையில்ல, மெத்தடுங்க பொருந்தினா போதும், அதனால இன்டர்ஃபேஸை டேட்டாபேஸ் பேக்கேஜ்ல எழுதாதீங்க, அதைப் பயன்படுத்துற பில் பேக்கேஜ்ல எழுதுங்க, உங்களுக்குத் தேவையான மெத்தடு மட்டும் அதுல இருக்கட்டும். டேட்டாபேஸ் பக்கம் 20 மெத்தடு இருந்தாலும் உங்க பொய் ஆளு மூணு எழுதினா போதும்.

பில்லை சேவ் பண்ணி எடுத்துக் குடுக்குற இந்த ஸ்டோருக்கு நான் ஸ்பை எழுத மாட்டேன், உள்ள ஒரு மேப் வெச்சு நிஜமாவே சேவ் பண்ணி நிஜமாவே திருப்பித் தர்ற ஒரு ஃபேக் எழுதுவேன். சேவ் பண்ண பில்லை எடுத்துப் பாத்து டெஸ்ட் பண்ணலாம், எந்த மெத்தடு எத்தனை தடவை கூப்பிட்டாங்கங்கற விசாரணை வேணாம். ஆனா ஃபேக்கும் நிஜமும் ஒரே மாதிரி நடந்துக்குதான்னு யார் பாக்குறது? அதுக்கு ஸ்டோரை ஆர்க்யுமென்ட்டா வாங்குற ஒரு டெஸ்ட் தொகுப்பு எழுதி, ஃபேக்கையும் குடுத்து ஓட்டுங்க, நிஜ டேட்டாபேஸையும் குடுத்து ஓட்டுங்க. இல்லாத பில் நம்பரைக் கேட்டா ரெண்டும் ஒரே எரர் தருதா, ஒரே பில்லை ரெண்டு தடவை சேவ் பண்ணா ரெண்டும் ஒரே பதில் சொல்லுதா. இதைச் செய்யாத டீம்ல ஃபேக் ஒரு பக்கம் போகும் நிஜம் ஒரு பக்கம் போகும், டெஸ்ட் எல்லாம் பச்சையா இருக்கும், ஹார்பர்ல பில் விழாது.

ஒரே ஒரு மெத்தடு இருக்குற இன்டர்ஃபேஸுக்கு ஃபங்க்‌ஷனையே குடுக்க ஒரு வழி இருக்கு. ஒரு ஃபங்க்‌ஷன் டைப் எழுதி அந்த டைப்புக்கே மெத்தடு ஒட்டி, அந்த மெத்தடு உள்ள அந்த ஃபங்க்‌ஷனையே கூப்பிடட்டும், எச்டிடிபி பேக்கேஜ்ல ஹேண்ட்லர்ஃபங்க் அப்படித்தான் எழுதிருக்காங்க, ஸ்டாண்டர்ட் லைப்ரரி சோர்ஸைத் திறந்து பாருங்க, நாலு வரிதான்.

மாக் கோட்டை ஜெனரேட் பண்ணித் தர்ற டூலும் இருக்கு. கூகுளோட கோமாக் 2023 ல ஆர்க்கைவ் ஆயிடுச்சு, அதாவது பராமரிப்பு நின்னுபோச்சு, ஊபர் அதை ஃபோர்க் பண்ணி, அதாவது தனிப் பிரதி எடுத்து, நடத்துறாங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்க ஊபரோடதை எடுங்க. என் அபிப்பிராயம், மூணு மெத்தடுக்கு ஜெனரேட்டர் வேணாம், கையால எழுதின ஃபேக் படிக்கவும் சுலபம், தப்புன்னா தேடவும் சுலபம்.

அஞ்சாவது படி: 'அனுப்பு' ஃபங்க்‌ஷனையே டெஸ்ட் பண்றது

இவ்ளோ நேரம் 'அனுப்பு'வை மாக் பண்ணிட்டே இருந்தோம், அப்போ அந்த நிஜ 'அனுப்பு'வை யார் டெஸ்ட் பண்றது? நிறைய ப்ராஜெக்ட்ல இது விட்டுப்போற இடம். எச்டிடிபி க்ளையன்ட்டை மாக் பண்ணாதீங்க, எச்டிடிபிடெஸ்ட் பேக்கேஜ்ல நியூசர்வர்னு ஒரு ஃபங்க்‌ஷன் இருக்கு, அது உங்க மெஷின்லயே காலியா இருக்குற ஒரு போர்ட்ல நிஜ சர்வரைக் கிளப்பும். 'அனுப்பு'வுக்கு கேட்வே அட்ரஸை வெளியலேருந்து குடுக்குற மாதிரி எழுதிட்டீங்கன்னா டெஸ்ட்ல இந்த சர்வர் அட்ரஸைக் குடுத்துடலாம். சர்வர் பக்கம் வந்த பாடியைப் படிச்சு போன் நம்பர் சரியான ஃபீல்டுல இருக்கா, தமிழ் மெசேஜ் கெடாம யூனிகோடா வந்துச்சான்னு பாருங்க. 500 திருப்பிப் பாருங்க, கோட் எரர் தருதா. 200 ஸ்டேட்டஸோட பாடியில ஃபெயில்னு எழுதித் திருப்பிப் பாருங்க, இந்தக் கேஸை எழுதாம விடவே கூடாது, ஏன்னா ஸ்டேட்டஸை மட்டும் பாத்து வெற்றின்னு முடிவு பண்ற கோட் இங்கதான் விழும்.

ஃபெயில் ஆனா 30 செகண்டு கழிச்சு திரும்ப அனுப்பணும்னு ரீட்ரை இருந்தா டெஸ்ட் 30 செகண்டு காத்திருக்குமா? கோ 1.25 ல டெஸ்டிங் ஸ்லாஷ் சிங்க்டெஸ்ட்னு ஒரு பேக்கேஜ் வந்துருக்கு, 1.24 ல பரீட்சார்த்தமா இருந்தது. அதுக்குள்ள ஓடுற டெஸ்ட்டுக்குத் தனிக் கடிகாரம், 2000 ஜனவரி 1 யூடிசி நள்ளிரவுல ஆரம்பிக்கும், உள்ள இருக்குற எல்லா கோரூட்டினும் காத்துக்கிட்டு நின்னா கடிகாரம் அடுத்த டைமர் வரைக்கும் தாவிடும், 30 செகண்டு ஸ்லீப் கண் இமைக்குறதுக்குள்ள முடியும், டைம் டாட் நவ்-ஐ மாக் பண்ணவே வேணாம். ஆனா இதை நெட்வொர்க்கோட கலக்காதீங்க, நிஜ சாக்கெட்ல காத்திருக்கிற கோரூட்டினை அது காத்திருக்குன்னு கணக்குல எடுக்காது, அதனால ரீட்ரை லாஜிக்கை பொய் 'அனுப்பு' வெச்சு சிங்க்டெஸ்ட்ல ஓட்டுங்க, எச்டிடிபியைத் தனியா ஓட்டுங்க.

மங்கி பேட்ச் வேணாம்

ஓடுற ப்ரோக்ராமோட மெஷின் கோடையே மாத்தி எழுதி எந்த ஃபங்க்‌ஷனை வேணா மாத்தலாம்னு சொல்ற லைப்ரரிங்க கோல இருக்கு, இதைத்தான் மங்கி பேட்ச்னு சொல்றாங்க. மெமரியில ஃபங்க்‌ஷன் ஆரம்பிக்கிற இடத்துல ஒரு தாவல் கட்டளையை எழுதி நம்ம ஃபங்க்‌ஷனுக்குத் திருப்பி விடும். இன்லைன் ஆன ஃபங்க்‌ஷன்ல இது வேலை செய்யாது, அதனால இன்லைனை நிறுத்துற கம்பைலர் ஃப்ளாக் குடுத்து டெஸ்ட் ஓட்டணும், பேரலல் டெஸ்ட்டுக்கும் லாயக்கு இல்ல. ஆப்டிமைஸ் பண்ணாத ஒரு பைனரியை டெஸ்ட் பண்ணிட்டு வேற பைனரியை அனுப்புறோம். யாராலயும் தொட முடியாத பழைய கோடுக்கு முதல் டெஸ்ட் எழுதுற வரைக்கும் வெச்சுக்கலாம், அதுக்கு மேல வேணாம்.

சி எழுதுறவங்களுக்கு ஒரு வரி: க்னூ லிங்கர்ல ராப்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஃபங்க்‌ஷன் பேரைக் குடுத்தா அதைக் கூப்பிடுற இடமெல்லாம் நீங்க எழுதின ராப் ஃபங்க்‌ஷனுக்குத் திரும்பும், ரியல்னு முன்னொட்டு போட்டு நிஜத்தையும் கூப்பிடலாம். ஆனா கூப்பிடுறவனும் கூப்பிடப்படுறதும் ஒரே சோர்ஸ் ஃபைல்ல இருந்தா திரும்பாது, லிங்கருக்கு அங்க வேலையே வராது, ஃபைலைப் பிரிக்கணும். ரஸ்ட்ல ட்ரெயிட், சி ப்ளஸ் ப்ளஸ்ல விர்ச்சுவல் ஃபங்க்‌ஷன், மேல சொன்ன இன்டர்ஃபேஸ் யோசனைதான்.

எதை மாக் பண்ணக்கூடாது

'கணக்குப்போடு'வை மாக் பண்ணிட்டு 'பில்முடி'யை டெஸ்ட் பண்றவங்களைப் பாத்திருக்கேன். அது உங்க கோட், வேகமா ஓடும், எப்பவும் ஒரே பதில் தரும், அதை நிஜமாவே ஓட விடுங்க. கடிகாரம், நெட்வொர்க், டேட்டாபேஸ், ரேண்டம் நம்பர், இந்த மாதிரி நம்ம கட்டுப்பாட்டுல இல்லாததை மட்டும் மாக் பண்ணுங்க. ஒரு டெஸ்ட்டுக்கு ஆறு மாக் தேவைப்படுதுன்னா டெஸ்ட்டுல பிரச்சனை இல்ல, அந்த ஃபங்க்‌ஷன் ஆறு பேரோட வேலையைத் தூக்கி சுமக்குது, அதைப் பிரிங்க. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஒரு துணிக்கடைக்கு பண்டிகை தள்ளுபடி பில்லிங் எழுதினாலும் இதேதான், தேதி வெளியலேருந்து வரட்டும், பிரிண்டர் ஒரு ஃபங்க்‌ஷன் ஃபீல்டா இருக்கட்டும், தள்ளுபடிக் கணக்கு நிஜமா ஓடட்டும்.

கடைசிப் படி: டெஸ்ட்டையே சோதிக்கிறது, ஓட்டுறது

டெஸ்ட் பச்சையா வந்ததும் நிறுத்தாதீங்க. கோட்ல 614 ஐ 613 ஆ மாத்திட்டு ஓட்டுங்க, ஜூன் 14 வரி சிவப்பாகணும். சேவ் பண்ற வரியை மெசேஜ் வரிக்குக் கீழ தள்ளிட்டு ஓட்டுங்க, மூணாவது கேஸ் சிவப்பாகணும். ஆகலைன்னா உங்க மாக் எதையும் காவல் காக்கல. இதுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும், ஒவ்வொரு புது டெஸ்ட்டுக்கும் செய்யலாம்.

கோ டெஸ்ட் ஒரு தடவை பாஸ் ஆனதை கேஷ்ல வெச்சுக்கும், கோட் மாறலைன்னா திரும்ப ஓட்டாம பழைய பதிலையே காட்டும், உண்மையிலயே ஓடணும்னா கவுன்ட் ஃப்ளாகுக்கு 1 குடுங்க. சிஐல, அதாவது கோட் சேக்குறப்பல்லாம் டெஸ்ட்டைத் தானா ஓட்டுற ஏற்பாட்டுல, ரேஸ், ஷஃபிள், கவுன்ட் மூணையும் சேத்தே போடுங்க. அதோட ஒரே தொகுப்பை ரெண்டு தடவை ஓட்டுங்க, ஒரு தடவை டிஇசட் என்விரான்மென்ட் வேரியபிளை யூடிசின்னு வெச்சு, இன்னொரு தடவை ஏசியா ஸ்லாஷ் கொல்கத்தான்னு வெச்சு. உங்க லேப்டாப் இந்திய நேரத்துல ஓடுது, சர்வர் யூடிசில ஓடுது, ரெண்டுலயும் பச்சைன்னா ஏப்ரல் 15 விடியற்காலை ஏலத்துக்கு அந்த கோட்டை அனுப்பலாம்.